கண்ணுக்குக் கீழே எலும்பு உடைந்தால் எங்கே கீறுவார்கள்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

எங்கள் ஊர் கிருஷ்ணகிரி பக்கம். தை மாசம் எருது விடும் விழாவில் தம்பிக்குக் கொம்பு பட்டது. கண் பார்வை போகவில்லை, ஆனால் கன்ன எலும்பு உள்ளே அமுங்கி, கண்குழியின் அடிப்பகுதியும் உடைந்துவிட்டது. வீக்கம் வடிந்த பிறகுதான் கன்னம் தட்டையாக இருப்பதே தெரிந்தது, மேலே பார்த்தால் எல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது என்றான்.

ஒரு டாக்டர் கீழிமை முடிக்குச் சற்றுக் கீழே தோலில் கீறலாம் என்றார், இன்னொருவர் இமையின் உள்பக்கச் சவ்வு வழியாகப் போகலாம் என்றார். வெளியே தழும்பு இல்லையென்றால் அதுதானே நல்லது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், விசாரித்தால் அவ்வளவு சுலபமில்லை. முடியை ஒட்டிக் கீறினால் தழும்பு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் ஆறும்போது இமை கீழே இழுத்துக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல். உள்வழியில் அது குறைவு, ஆனால் சிலருக்கு இமை உள்ளே மடிந்து முடி கண்ணில் உரசுமாம், இடம் பத்தாவிட்டால் கண்ணின் வெளி ஓரத்திலும் கொஞ்சம் வெட்ட வேண்டும். இமைக்கு நடுவில் கீறுவதும் உண்டு, இமை அதிகம் இழுக்காது, தழும்புதான் தெரியும்.

தம்பிக்கு உள்வழிதான் செய்தார்கள். கன்ன எலும்பு பல இடத்தில் ஒட்டியிருப்பதால் அது மட்டும் போதவில்லை, வாய்க்குள் மேல் ஈறுக்கு மேலேயும், புருவ ஓரத்திலும் கீறி பிளேட் வைத்து, கண்ணுக்கு அடியில் டைட்டானியம் வலை வைத்தார்கள். கன்னம் சரியாகிவிட்டது, ரெண்டாகத் தெரிவதும் போய்விட்டது. மேல் உதடும் பல்லும் இன்னும் மரத்திருக்கிறது, அது அடிபட்ட அன்றைக்கே இருந்தது. மூக்கு மட்டும் சிந்தவே கூடாது என்றார்கள், மூக்கை ஒட்டிய சைனஸ் அறையின் காற்று கண்குழிக்குள் ஏறிவிடுமாம். அந்தப் பனியில் இவனோடு பட்ட பாடு இருக்கிறதே!

அண்ணா, நான் பென்னாகரம். என் பையனுக்குக் கிரிக்கெட் பந்து பட்டது. கண்ணில் சிவப்பே இல்லை, வீக்கமும் இல்லை, ஆனால் மேலே பார்த்தாலே வாந்தி. தலையில் அடி என்றே முதலில் பார்த்தார்கள், கண் டாக்டர்தான் கண்ணை அசைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, உடைந்த எலும்பில் கண்ணை அசைக்கும் தசை சிக்கியிருக்கிறது, நாடித் துடிப்புகூட குறையலாம் என்றார். பெரியவர்களுக்கு வீக்கம் வடிய ஒன்றிரண்டு வாரம் பொறுப்பார்கள், பிள்ளைகளுக்கு இப்படிச் சிக்கினால் ரத்த ஓட்டம் நின்று தசை கெட்டுவிடும் என்று உடனே செய்துவிட்டார்கள். இவனுக்கும் இமையின் உள்வழிதான். வாந்தி நின்றுவிட்டது, ரெண்டாகத் தெரிவது போக மாசக்கணக்கானது.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் தொப்பூர் கணவாயில் பைக்கிலிருந்து விழுந்தேன். கண்குழி தப்பிவிட்டது, காதுப் பக்கம் போகும் கன்ன வளைவு மட்டும் உள்ளே போய் வாயே சரியாகத் திறக்கவில்லை. நெற்றிப்பொட்டுப் பக்கம் முடிக்குள் சின்னதாகக் கீறி, கம்பி மாதிரி ஒன்றை உள்ளே விட்டு எலும்பை நெம்பித் தூக்கிவிட்டார்கள், பிளேட் எதுவும் இல்லை. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்காதே என்றார்கள், எனக்கு அதுதான் பெரிய தொல்லை.