பழைய வீடெக் சிட்டிக்கு குயிக் ரிலீஸ் ஹப்: ஸ்டியரிங்கில் ஆட்டம், ஹாரன் விட்டு விட்டு அடிக்கிறது. எந்த வகை வாங்கலாம்?

சத்துவாச்சாரி வீடெக்:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 வீடெக் இருக்கிறது. கைமாறி வந்த வண்டி. வாங்கும்போதே 350 மில்லிமீட்டர் ஸ்டியரிங், அதன் பின்னால் குயிக் ரிலீஸ் ஹப் (ஸ்டியரிங்கைச் சட்டென்று கழற்ற உதவும் பூட்டு; இது எஃகு குண்டுகள் பிடிக்கும் பால் லாக் வகை), அதற்கும் பின்னால் பாஸ் கிட் (ஹப்பை ஸ்டியரிங் தண்டோடு இணைக்கும் துண்டு) என்று எல்லாம் மாட்டியே இருந்தது. ஹப் அசலா போலியா என்று சொல்லத் தெரியவில்லை. மேலே இருந்த எழுத்து தேய்ந்துவிட்டது. கம்பெனி ஸ்டியரிங் பத்திரமாக டிக்கியில் இருக்கிறது. வண்டியில் ஏர்பேக் கிடையாது.

ஏலகிரி ஏறும்போதுதான் பிரச்சினை தெரிந்தது. கொண்டை ஊசி வளைவில் இடதுபக்கம் ஒடித்துவிட்டு வலதுபக்கம் திருப்பும் நேரத்தில் கையில் 'டிக்' என்று ஒரு தட்டு. நேர் ரோட்டில், பள்ளிகொண்டா டோல் தாண்டி வேகமாகப் போகும்போது, ஸ்டியரிங் நடுவில் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது. இதோடு ஹாரனும் சேர்ந்துகொண்டது. சில நேரம் அடிக்கிறது, சில நேரம் இல்லை. கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஹாரன் இல்லாமல் ஓட்டுவது பயமாக இருக்கிறது.

தினமும் ராணிப்பேட்டை வேலைக்கு இந்த வண்டியில்தான் போகிறேன். வருஷத்தில் சில நாள் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கும் கொண்டுபோகிறேன். அடுத்து பக்கெட் சீட்டும் ரோல் கேஜும் (வண்டி உருண்டால் காக்கும் குழாய்க் கூண்டு) போட எண்ணம். பால் லாக்கிலேயே புதிதாக வாங்குவதா, பற்கள் கோத்துக்கொள்ளும் ஸ்ப்ளைன் வகைக்கு மாறுவதா, அல்லது விலை குறைவான அறுகோண ஹெக்ஸ் வகையே போதுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆம்பூர் ஸ்விஃப்ட்:

ப்ரோ, பால் லாக் நல்ல சரக்காக இருந்தால் பிரச்சினை வராது. என்ஆர்ஜி, ஒர்க்ஸ் பெல் ராப்ஃபிக்ஸ் என்ற இரண்டு பிராண்டு ஹப்புக்கும் போலி நிறைய சுற்றுகிறது, நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். ஸ்டியரிங்கின் ஆறு ஓட்டை 70 மில்லிமீட்டர் வட்டமா 74 வட்டமா என்று அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். ஸ்டியரிங் பிராண்டுகளில் மோமோ, ஸ்பார்கோ, ஓஎம்பி 70. நார்டி 74. அப்படியே எனக்கும் ஒரு சந்தேகம். என் 2019 ஸ்விஃப்ட்டில் ஏர்பேக்கைக் கழற்றிவிட்டு ரெசிஸ்டர் (மின்தடை) வைத்தால் மீட்டரில் ஏர்பேக் எச்சரிக்கை லைட் எரியாது என்கிறார்கள். நானும் குயிக் ரிலீஸ் போடலாமா?

காட்பாடி ஃபார்முலா ஸ்டூடண்ட்:

அண்ணா, புது ஹப் வாங்குவதற்கு முன்னால் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்போம். உங்கள் வண்டியில் ஆட்டம் வர நாலு இடம் உண்டு. ஸ்டியரிங்குக்கும் ஹப்பின் முன்பாதிக்கும் நடுவில் உள்ள ஆறு ஸ்குரூ, ஹப்பின் இரண்டு பாதிகளும் சேரும் இடம், பாஸ் கிட்டுக்கும் காலம் (ஸ்டியரிங் தண்டு) ஸ்ப்ளைனுக்கும் நடுவில் உள்ள நட்டு, அதற்குக் கீழே காலத்தின் யூ ஜாயிண்ட்டும் (தண்டை மடக்கி இணைக்கும் மூட்டு) ராக்கும் (சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்). கீழே உள்ள கோளாறுக்கு மேலே ஹப்பை மாற்றினால் காசுதான் வீண்.

வெள்ளை மார்க்கரால் ஸ்டியரிங், ஹப் முன்பாதி, ஹப் பின்பாதி, பாஸ், காலம் உறை வரை நேராக ஒரே கோடு போடுங்கள். சாவியை எடுத்து ஸ்டியரிங் லாக் விழ வையுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெதுவாக அசைக்கட்டும், நீங்கள் டார்ச் அடித்துக் கோட்டைப் பாருங்கள். கோடு எங்கே உடைகிறதோ அங்கேதான் ஆட்டம். ஸ்டியரிங் லாக்கிலேயே கொஞ்சம் அசைவு இருக்கும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அசைவை ஸ்டியரிங் விளிம்பில் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். 350 மில்லிமீட்டர் ஸ்டியரிங்கில் ஒரு டிகிரி என்பது விளிம்பில் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். நாங்கள் விஐடியில் கட்டும் ஃபார்முலா ஸ்டூடண்ட் (கல்லூரி மாணவர்கள் தாங்களே ரேஸ் வண்டி கட்டும் போட்டி) வண்டிக்கு குயிக் ரிலீஸ் கட்டாயம். ஓட்டுபவர் கிளவுஸ் போட்டபடி, உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைக் கழற்ற முடிய வேண்டும், 5 வினாடிக்குள் வண்டியைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது விதி. ஸ்டியரிங் ஆட்டம் எல்லாம் சேர்த்து 7 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்றும் இருக்கிறது.

சத்துவாச்சாரி வீடெக்:

தம்பி, மிக்க நன்றி. வீட்டில் தங்கையை அசைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பாஸுக்கும் காலத்துக்கும் நடுவில் அசைவே இல்லை. ஆறு ஸ்குரூவும் இறுக்கம். ஹப்பின் இரண்டு பாதி சேரும் இடத்தில்தான் கோடு உடைகிறது. விளிம்பில் 6 மில்லிமீட்டர். உன் கணக்குப்படி 2 டிகிரிதான், 7-க்குள் இருக்கிறதே என்று பார்த்தால் கையில் தட்டுவது மட்டும் நிற்கவில்லை. லேத்தில் கொடுத்து நடுவில் மெல்லிய தகடு வைத்து இறுக்கிக்கொள்ளலாமா?

ராணிப்பேட்டை லேத்:

சார், சிப்காட் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தகடு வைத்துக் கேட்டு வந்தால் நான் செய்ய மாட்டேன், வேறு பட்டறையில் செய்து தருகிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். காரணம் சொல்கிறேன்.

பால் லாக்கில் எஃகு பால்கள் ஒரு வளையத்தில் வரிசையாக இருக்கும். காலர் அவற்றை அழுத்தி எதிர்ப்பாதியில் உள்ள பள்ளத்துக்குள் தள்ளிப் பிடிக்கும். பால் உருண்டை, ஆகையால் அலுமினியத்தை ஒரு புள்ளியில்தான் தொடும். இடம் வலம் என்று சுமை மாறி மாறி விழ, அந்தப் புள்ளியில் அலுமினியம் நசுங்கிப் பள்ளம் அகலமாகும். பூட்டு இருக்கும் இடம் நடுவிலிருந்து சுமார் 25 மில்லிமீட்டர், ஸ்டியரிங் விளிம்பு 175 மில்லிமீட்டர். அங்கே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்தது இங்கே ஏழு மடங்காகத் தெரிகிறது. தகடு வைத்தால் ஆட்டம் அடங்கியது மாதிரி இருக்கும், ஆனால் பால்கள் முழு ஆழத்துக்கு உட்காராமல் போகலாம். அப்புறம் பிடிமானமே போய்விடும். 2 டிகிரி என்பது சின்ன எண்தான், ஆனால் அது பூட்டிலேயே இருக்கிறது. ராக்கில் 2 டிகிரி இருந்தால் வயசாச்சு என்று சொல்லலாம். பூட்டில் இருந்தால் அந்த ஹப்பைக் கழற்றி வைக்க வேண்டியதுதான்.

ஹாரன் விஷயம் வேறு. உங்கள் ஹப் கருப்பு ஆனோடைஸ் செய்த அலுமினியமாக இருக்கும். ஆனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. ஹாரன் பட்டன் எர்த்தை ஹப் வழியாகவே எடுத்திருந்தால், ஸ்குரூ எங்கேயோ பூச்சைக் கீறித் தொடும்போது அடிக்கும், அசைந்தால் நின்றுவிடும். பட்டனிலிருந்து எர்த்துக்குத் தனி ஒயர் இழுத்து மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். ஹப்புக்குள் ஸ்பிரிங் பின் இருந்தால் அதன் முனையையும் துடைத்துவிடுங்கள். கிரீஸ் மட்டும் அப்ப வேண்டாம். நம்ம ஊர்ப் புழுதி கிரீஸோடு சேர்ந்தால் அரைக்கும் பசைதான்.

சோழவரம் காலத்து ஆள்:

ஆற்காட்டிலிருந்து எழுதுகிறேன். சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த நாளிலிருந்து இந்தப் பக்கம் சுற்றுகிறவன்.

முதலில் ஆம்பூர் தம்பிக்கு. வேண்டாம். 2019 ஜூலை 1-லிருந்து ஓட்டுநர் ஏர்பேக் இல்லாமல் இங்கே காரே விற்கக் கூடாது என்று அரசு சட்டம் போட்டது காரணமில்லாமல் இல்லை. ரெசிஸ்டர் வைத்தால் அணைவது மீட்டரில் உள்ள லைட் மட்டும். மோதினால் உன் முகத்துக்கும் அந்த உலோக ஹப்புக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது. ஏர்பேக் இருக்கும் சாலை வண்டியில் குயிக் ரிலீஸ் பற்றி யோசிக்கவே கூடாது.

இப்போது சத்துவாச்சாரி தம்பிக்கு. எந்த ஹப் என்று கேட்கிறாய். எதற்கு ஹப் என்று முதலில் கேட்க வேண்டும். ரேஸ் வண்டியில் பக்கவாட்டில் கேஜ் குழாய், தோளைப் பிடிக்கும் பக்கெட் சீட், ஆறு முனை பெல்ட், தலையில் ஹெல்மெட். தீப்பிடித்தால் ஸ்டியரிங்கைத் தாண்டி வெளியே வர முடியாது. அதற்காக வந்தது குயிக் ரிலீஸ். உன் வண்டியில் இன்று கேஜ் இல்லை, கம்பெனி சீட்தான். கதவைத் திறந்தால் இறங்கிவிடலாம். அப்படிப்பட்ட வண்டியில், ஓடும்போது கையோடு வந்துவிடக்கூடிய ஒரு பூட்டைக் கூடுதலாக வைத்துக்கொள்வதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை. திருட்டுக்குப் பாதுகாப்பு என்பார்கள். அதற்கு நல்ல கியர் லாக் போதும்.

சட்டமும் அந்தப் பக்கம்தான். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று சேர்த்தார்கள். உன் வண்டி 15 வருஷம் தாண்டியது. ஆர்சி புதுப்பிக்க ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ ஆபீசில் காட்டத்தான் வேண்டும். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ்காரர் இந்த ஹப்பைப் பார்த்தால் என்ன சொல்வார் என்பதையும் யோசி.

கேஜ் போட்டு, டிராக்குக்கு மட்டும் என்று முடிவானால் ஸ்ப்ளைன் வகை ஒன்றுதான் என் பதில். நிறைய பற்கள் நீளவாக்கில் முழுதாகத் தொட்டுக்கொள்வதால் சுமை பரவி விழும். ஒரு பல் விடுபட்டிருப்பதால் ஸ்டியரிங் நேராக மட்டும்தான் மாட்டும். சிலவற்றில் பற்கள் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், ஆட்டமே தெரியாது. உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ விதி கேட்பதும் தெளிவு: ஸ்டியரிங்குக்குப் பின்னால், அதே அச்சில் வட்டமான ஃபிளாஞ்ச் (வளையத் தட்டு), மஞ்சள் நிறம், அச்சு வழியே இழுத்தால் கழல வேண்டும். அமெரிக்கச் சரக்கென்றால் எஸ்எஃப்ஐ 42.1 (அங்கத்திய ரேஸ் பாதுகாப்புத் தரம்) முத்திரை பார். மஞ்சள் நிறம் அழகுக்காக வைத்ததல்ல. நீ மயங்கிக் கிடந்தாலும் வெளியிலிருந்து ஓடிவரும் மார்ஷல் (டிராக் மீட்புப் பணியாளர்) எதை இழுப்பது என்று பார்த்தவுடன் தெரிந்துகொள்ளத்தான். பக்கவாட்டு பட்டன், லீவர் என்று இருந்தால் புகையில் அவர் எங்கே தேடுவார்? ஹெக்ஸ் வகை பக்கமே போகாதே, ஆறு மூலையும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இன்னொன்று. கேஜ் போட்ட வண்டியை ராணிப்பேட்டை வேலைக்கு ஓட்டாதே. ஹெல்மெட் இல்லாத தலைக்கு அந்தக் குழாய் எமன்.

சத்துவாச்சாரி வீடெக்:

ஐயா, கேஜ் வண்டியைத் தினமும் ஓட்டக் கூடாது என்பதை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கம்பெனி ஸ்டியரிங்கை மாட்டிவிடுகிறேன். பிறகு கேஜ் போடும் நாளுக்காகக் கேட்டு வைக்கிறேன்: ஸ்ப்ளைன் ஹப்பில் வெல்டிங் வகையா, போல்ட் வகையா? இப்போதே ஸ்டியரிங் நெஞ்சுக்குக் கிட்ட வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. இண்டிகேட்டர் தண்டும் விரலுக்கு எட்டுவதில்லை.

காட்பாடி ஃபார்முலா ஸ்டூடண்ட்:

அண்ணா, கிட்ட வருவதற்குக் காரணம் ஹப் 5 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் சேர்ப்பதுதான். சாதாரண நீள பாஸோடு அதைப் போட்டால் இப்படித்தான் ஆகும். ஷார்ட் பாஸ் கிட் என்று கேளுங்கள். முதுகு சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். பக்கெட் சீட் போட்ட பிறகே அளந்து ஹப் வாங்குங்கள், சீட் உயரம் எல்லாக் கணக்கையும் மாற்றிவிடும்.

ராணிப்பேட்டை லேத்:

சார், சிட்டியை ரோட்டிலும் ஓட்டுவதாக இருந்தால் போல்ட் வகை ஸ்ப்ளைன் ஹப் வாங்குங்கள். பாஸ் மேலேயே 70 வட்டத்தில் மாட்டிக்கொள்ளும், வேண்டாம் என்றால் கழற்றிக் கம்பெனி ஸ்டியரிங்குக்குத் திரும்பிவிடலாம். வெல்டிங் வகை உறுதிதான், ஆனால் அதற்காகக் காலத்தின் நுனியை அறுக்க வேண்டும், திரும்பி வர வழியில்லை. அதைச் செய்தால் காலத்தை வண்டியிலிருந்து முழுதாக வெளியே எடுத்து, டிக் (TIG) வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். மோதும்போது உள்ளே மடங்கும்படி காலத்தில் ஒரு பகுதி இருக்கும். அந்த இடத்தில் சூடோ வெல்டோ படவே கூடாது.

ஆறு ஸ்குரூவுக்கும் நீல லாக்டைட் 243 (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு, குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள். அலுமினியம், பலம் காட்டினால் மரை போய்விடும். கம்பெனி ஸ்டியரிங் மாட்டும்போது நடு நட்டைப் புதிதாகப் போடுங்கள், மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு அளவு) வைத்து முறுக்குங்கள்.

சத்துவாச்சாரி வீடெக்:

மாட்டிவிட்டேன். புது நட்டு, டார்க் ரெஞ்ச் எல்லாம் வைத்துத்தான். ஹாரன் எர்த்து நீங்கள் சொன்ன மாதிரியே ஹப் வழியாகப் போயிருந்தது. இப்போது முதல் அழுத்தலிலேயே அடிக்கிறது. பாகாயம் வரை ஓட்டிப் பார்த்தேன், தட்டு இல்லை. நடுவில் லேசான ஆட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது, விளிம்பில் 4 மில்லிமீட்டர் இருக்கும்.

ராணிப்பேட்டை லேத்:

இன்ஜின் ஓடும்போது, முன்சக்கரம் நேராக இருக்க அளந்தீர்களா? ஹோண்டா மேனுவல்களில் 10 மில்லிமீட்டர் வரை அனுமதி உண்டு, 4 என்றால் கவலை இல்லை. சந்தேகம் தீர யூ ஜாயிண்ட் போல்ட்டையும் டை ராட் (ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) முனைகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தப் பழைய ஹப்பை யாருக்கும் விற்காதீர்கள் சார், உடைத்து எடைக்குப் போட்டுவிடுங்கள்.

சோழவரம் காலத்து ஆள்:

அடுத்த டிராக் நாளுக்குக் கம்பெனி ஸ்டியரிங்கோடே வா. ஸ்க்ரூட்டினியில் (வண்டிச் சோதனையில்) யாரும் தடுக்க மாட்டார்கள். கேஜ் வேலை தொடங்குமுன் குழாயின் வரைபடத்தை இங்கே போடு, இந்திய மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்எம்எஸ்சிஐ விதிக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.