மஞ்சளாகிப்போன கார்டேனியாவும் பக்கத்து வீட்டு நீலப்பூவும்

குன்னூரிலிருந்து:

கார்டேனியா வளர்த்த அனுபவத்தைக் கேட்டிருந்தீர்கள். வாசனையான வெள்ளைப் பூ பூக்கும் அந்தப் புதர்ச்செடி என்னை மூன்று வருடம் வருத்தியது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் வாங்கியது கார்டேனியாவே இல்லை. நாற்று விற்பவர் அடுக்கு நந்தியாவட்டையைக் கொடுத்துவிட்டார். இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் பளபளப்பான இலை. வாங்கும்போது ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள். பால் கசிந்தால் நந்தியாவட்டை. கார்டேனியா காப்பிக் குடும்பத்துச் செடி, அதில் பால் வராது.

அடுத்து உண்மையான செடி கிடைத்தது. புதிதாகக் கட்டிய காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நட்டேன். முதல் வருடம் நாலைந்து பூ. சாயங்காலம் ஒரு பூவைக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால் கூடம் முழுக்க மணக்கும். மறுவருடம் இளம் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். சத்துக் குறைவு என்று நினைத்து அடுப்புச் சாம்பல் போட்டேன், முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன். இன்னும் மஞ்சளானது. மொட்டுகள் பருத்து வரும், திறக்காமலே உதிரும். காலையில் அவற்றைப் பொறுக்கும்போது மனசு கனத்துப்போகும்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா தேயிலைத் தோட்டத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். ஒருநாள் வேலியோரம் நின்றவர் கார்டேனியாவைப் பார்க்கவில்லை, அதற்குப் பக்கத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்த ஹைட்ரேஞ்சியாவைப் பார்த்தார். "ஏன் கண்ணு, எங்கிட்ட வாங்குன குச்சிதானே அது? என் வீட்டுல நீலமாப் பூக்குது, உன் வீட்டுல ரோஸாப் பூத்திருக்கே. செவுத்துச் சுண்ணாம்பு மண்ணுல எறங்கிருக்கும்" என்றார்.

விஷயம் அதுதான். புளிப்பு மண்ணில், அதாவது அமிலத்தன்மை உள்ள மண்ணில், அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் ஹைட்ரேஞ்சியா நீலமாகும். சுண்ணாம்பு ஏறினால் கிடைக்காது, பூ ரோஸாகிவிடும். அதே சுண்ணாம்பு இரும்புச் சத்தையும் கட்டிப்போடும். கார்டேனியா மஞ்சளாவது அதனால்தான். மண்ணில் இரும்பு இருக்கும், வேரால் எடுக்க முடியாது. நான் போட்ட சாம்பலும் முட்டை ஓடும் சுண்ணாம்போடு சுண்ணாம்பாகச் சேர்ந்துவிட்டன. மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை வேண்டும், கார்டேனியாவுக்கு 5 முதல் 6 வரை. நம் மலை மண்ணே அதற்குப் பொருந்தும். கெடுத்தது நான்தான்.

ஐப்பசி மழை பிடித்ததும் வேர் மண்ணோடு பெயர்த்து, சுவரிலிருந்து தள்ளி, முன்பு தேயிலை இருந்த சரிவில் வைத்தேன். குழியில், தேயிலைத் தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக்கின் மக்கிய சருகு. மேலேயும் சருகு மூடாக்கு. வேர் மேலாகவே ஓடுவதால் கொத்திவிடுவதை நிறுத்தினேன். பழைய மஞ்சள் இலைகள் கடைசிவரை பச்சையாகவில்லை, உதிர்ந்துபோயின. பங்குனியில் வந்த துளிர் நல்ல கரும்பச்சை. அடுத்த வைகாசியில் எண்ணிப் பார்த்தேன், 23 பூ.

பண்ணைக்காட்டிலிருந்து:

அக்கா, எங்களுக்குக் காப்பித் தோட்டம். அம்மா வாசலில் ஒரு கார்டேனியா வைத்திருக்கிறார். காப்பிக்கு வரும் பச்சைச் செதில்பூச்சி அதற்கும் வரும், சொந்தக்காரச் செடி என்று அதிலேயே தெரியும். முதலில் கண்ணில் படுவது எறும்புதான். பூச்சி விடும் தேன்பிசுக்கைத் தின்ன எறும்பு ஏறும், தின்னும் வரை பூச்சிக்குக் காவலும் இருக்கும். அந்தப் பிசுக்கில் கரும்பூஞ்சை படர்ந்து இலை கரி பூசியதுபோல ஆகும். நாங்கள் தரையிலும் சுவரிலும் படும் கிளைகளை வெட்டி எறும்பின் வழியை அடைத்தோம். அப்புறம் இலையின் அடிப்பக்கம் நனையும்படி, சோப்புக் கரைசலில் கலந்த வேப்பெண்ணெயை வாரம் ஒருமுறை தெளித்தோம். எறும்பை விட்டுவிட்டுப் பூச்சிக்கு மட்டும் மருந்தடித்தால் திரும்பத் திரும்ப வரும்.

ஊட்டியிலிருந்து:

இங்கே மார்கழி, தை உறைபனியில் தரையில் வைத்த செடி ஒரே இரவில் கருகியது. இப்போது தொட்டியில்தான். பனிக்காலத்தில் ராத்திரி உள்ளே, காலையில் வெளியே என்று தினமும் தூக்கி வைத்தேன். இலை பிழைத்தது, மொட்டெல்லாம் கொட்டிப்போனது. இதற்கு என்ன செய்வது?

குன்னூரிலிருந்து:

தினமும் இடம் மாற்றுவதை நிறுத்திப் பாருங்கள். மொட்டு வைத்த செடிக்கு வெளிச்சமும் காற்றின் ஈரமும் சட்டென்று மாறுவது ஆகாது. பனிக்காலம் முழுக்க வெளிச்சமான ஜன்னலோரத்தில் ஒரே இடத்தில் இருக்கட்டும். கணப்பு அடுப்புப் பக்கம் வேண்டாம். இரவில் 15 முதல் 18 டிகிரி இருந்தால் மொட்டு நன்றாகப் பிடிக்கும். கவ்வாத்து செய்வதானால் பூத்து ஓய்ந்ததும் செய்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் அடுத்த மொட்டையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். அப்படி வெட்டிய குச்சிகளில் ஆறு வேர் பிடித்திருக்கின்றன. உங்களுக்கு ஒன்று எடுத்து வைக்கிறேன்.