புது ரேம் போட்டால் திரை வரவில்லை: பி சேனலில் கோளாறா?

வணக்கம் நண்பர்களே, கேபினெட்டைத் திறப்பது இதுதான் முதல் தடவை.

இன்டெல் ஐ5-9400, நான்கு ஸ்லாட் உள்ள பி365 மதர்போர்டு. பழையது 8 ஜிபி டிடிஆர்4 2666. புதியது 8 ஜிபி 3200. இரண்டுமே 1.2 வோல்ட். இந்த ப்ராசஸரில் 3200-உம் 2666 வேகத்தில்தான் ஓடும் என்று தெரியும், அது பிரச்சினை இல்லை.

கையேட்டில் சொன்னபடி ஏ2, பி2-இல் (ப்ராசஸரிலிருந்து 2-வது, 4-வது ஸ்லாட்; ஏ, பி என்பவை ரேமையும் ப்ராசஸரையும் இணைக்கும் இரண்டு சேனல்கள், அதாவது தடங்கள்) இரண்டு பக்கமும் 'க்ளிக்' கேட்கும்வரை அழுத்திப் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு.

ஏ2-இல் எதைத் தனியாகப் போட்டாலும் ஓடுகிறது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளிலும் இரண்டும் பிழையின்றித் தேறின. பி1, பி2-இல் எதைத் தனியாகப் போட்டாலும் திரை இல்லை. ஏ1, ஏ2-இல் சேர்த்துப் போட்டால் 16 ஜிபி காட்டுகிறது. ஆனால் சிங்கிள் சேனல், அதாவது ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் அந்த வேகக் குறைவு நன்றாகவே தெரிகிறது.

மின்வயரைக் கழற்றி, பவர் பட்டனை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, ரேமின் தங்கநிறத் தொடர்பு முனைகளை ரப்பரால் துடைத்தாயிற்று. சிஆர்2032 பேட்டரியை 5 நிமிடம் கழற்றி பயாஸையும் ரீசெட் செய்தாயிற்று.

ரேம் மேல் சந்தேகமில்லை. பி சேனல் மட்டும் ப்ராசஸரோடு சரியாக இணையவில்லையோ என்று நினைக்கிறேன். கூலரின் ஒரு மூலை இறுகி ப்ராசஸர் சரியாக உட்காரவில்லையா, சாக்கெட்டில் பின் வளைந்திருக்கிறதா? கூலரை மட்டும் தளர்த்திப் பார்த்தால் போதுமா, ப்ராசஸரையே தூக்க வேண்டுமா? தூக்கினால் தெர்மல் பேஸ்ட் புதிதாக எவ்வளவு வைப்பது? வளைந்த பின்னை வீட்டிலேயே நிமிர்த்தியவர்கள் எதைக் கொண்டு செய்தீர்கள்?