பெயர்ப்பலகைக்கு ஆள் உண்டு, பினாயிலுக்கு யார்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கேரளத்துப் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகாவில் ஒரு மாநிலப் பல்கலை வளாகம், 40 கோடி ஒப்பந்தத்தில் ஆய்வகக் கட்டடம்னு வெச்சுக்கலாம். அரசு 20 கோடி. மீதி 20 கோடியைப் பழைய மாணவர்கிட்டயும் கஞ்சிக்கோடு ஆலைகள்கிட்டயும் திரட்டணும். என் கட்சி இதுதான்: பாதித் தொகைக்கு வாக்குறுதி வந்ததுமே அடிக்கல் நட்டுடணும். தூண் எழும்பினாத்தான் அடுத்தவர் காசோலை எழுதுவார். 2024ல் ஐஐடி மெட்ராஸுக்கு ஒரே முன்னாள் மாணவர் 228 கோடி தந்தார், ஒரு கட்டடத்துக்கு அவர் பெயரை வெச்சாங்க. கண்ணுல தெரியற ஒண்ணுக்குத்தான் கொடை வரும்.

பேரேடு:
அண்ணா, முதல்ல உங்க 40 கோடியே 40 கோடி இல்லை. அதுமேல 18% ஜிஎஸ்டி 7.2 கோடி. கல்விச் சேவைக்கு வரிவிலக்கு இருக்கறதால, கட்டின அந்த வரியை (உள்ளீட்டு வரி) திரும்ப எடுக்கவும் முடியாது. வடிவமைப்பு, மேற்பார்வைக்கு 4% போட்டா 1.6 கோடி. எதிர்பாராச் செலவு 3%, 1.2 கோடி. மொத்தம் 50. ஆய்வக மேசை, புகைப்போக்கி, டிரான்ஸ்ஃபார்மர் இதில் சேரவே இல்லை. ஆக திரட்ட வேண்டியது 30.

அந்த 30க்கும் வாக்குறுதி வந்துடுச்சுன்னே வைங்க. கொடையாளர் ஐந்து தவணையில் தருவார், ஆண்டுக்கு 6 கோடி. கையெழுத்துப் போட்ட அன்று ஒண்ணு, முதலாண்டு முடிவில் ஒண்ணு, இரண்டாமாண்டு முடிவில் ஒண்ணு, ஆக 18. ஒப்பந்ததாரர் பில் 24 மாசத்தில் முடிஞ்சிடும். அரசுப் பணத்தோட சேர்த்து 38 இருக்கும், 12 கோடி துண்டு விழும். 9.5% வட்டிக்குக் கடன் வாங்கினா ஆண்டுக்கு 1.14 கோடி. வட்டி கட்ட எந்தக் கொடையாளரும் காசு தர மாட்டார். வேலையை நிறுத்தினாலோ ஆளும் எந்திரமும் சும்மா கிடந்ததுக்கு ஒப்பந்ததாரர் கேட்பார், கம்பி துருப்பிடிக்கும்.

மேட்டுப்பாதை:
ஹெஃபா (உயர்கல்விக்கான நிதி நிறுவனம்) கடன் வாங்கலாமே?

பேரேடு:
அது மத்திய அரசு நிறுவனங்களுக்கு, தம்பி. ஐஐடி பாலக்காடு மாதிரி 2014க்குப் பிறகு வந்தவற்றுக்கு அசலையும் வட்டியையும் மத்திய மானியமே கட்டும். மாநிலப் பல்கலை கிஃப்பி (கேரள அரசின் உள்கட்டமைப்பு நிதி வாரியம்) வாசலில் நிற்கணும். அங்கேயும் பணம் சும்மா வரலை, 2019ல் மசாலா பத்திரத்தில் (வெளிநாட்டில் விற்கிற ரூபாய்க் கடன் பத்திரம்) 2,150 கோடி எடுத்தது 9.723% வட்டிக்கு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
முழுப் பணமும் கைக்கு வரட்டும்னு காத்திருந்தா விலை நிக்குமா? 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் கனிம நில வரி வந்ததும் கிணத்துக்கடவுப் பக்கமிருந்து நமக்கு வர்ற ஜல்லி, எம்-சாண்ட் என்ன விலைக்குப் போச்சுன்னு தெரியாதா? காத்திருக்கிறதும் செலவுதான். நிபந்தனைக் கொடை வாங்குங்க. 1920களில் வேலூர் பெண்கள் மருத்துவப் பள்ளி உட்பட ஆசியாவில் ஏழு பெண்கள் கல்வி நிறுவனங்களுக்கு, மற்றவர்கிட்ட 20 லட்சம் டாலர் திரட்டினா 10 லட்சம் தர்றோம்னு ராக்ஃபெல்லர் நிதி சொன்னது. அந்த நிபந்தனைதான் மற்றவரை ஓட வெச்சது.

ஓலக்கோடு:
நிபந்தனை சரிங்க, பணம் எந்த வழியா வரும்? வளைகுடாவில் இருக்கிற நம்ம ஆள் இந்தியப் பாஸ்போர்ட் வெச்சிருந்தா அவர் சொந்தச் சம்பாத்தியம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கினவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வருவார். டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் பணம் வரணும். பலரும் சறுக்குற இடம் வேற: பழைய மாணவர் அறக்கட்டளை வாங்கிப் பல்கலைக்கு மாத்தித் தரலாம்னு நினைக்கிறாங்க. 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படிக் கைமாத்த முடியாது. வாங்குறவரே செலவழிக்கணும்.

ஆலைகளின் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பணமும் லேசானதில்லை. திட்டம் தொடங்கின ஆண்டு போக மூணு நிதியாண்டுக்குள் முடியணும். மார்ச்சில் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்டு நச்சரிப்பாங்க.

பேரேடு:
கட்டி முடிச்ச பிறகு? பராமரிப்புக்கு ஆண்டுக்கு 2% வைங்க, 1 கோடி. அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு 1990ல் கட்டட மதிப்பில் 2 முதல் 4% ஒதுக்கச் சொன்னது, நான் குறைஞ்சதைத்தான் எடுக்கிறேன். 7% வைப்பு வட்டியில் 1 கோடி வரணும்னா 14 கோடிக்கு மேல் மூலதனம் வேணும். பெயர் வைக்கிற ஒவ்வொரு கொடையிலும் 20% பராமரிப்பு நிதிக்குன்னு ஒப்பந்தத்திலேயே எழுதணும். அண்ணாமலைப் பல்கலை பெரும் கொடையில் தொடங்கினதுதான், 2013ல் நிதி நெருக்கடியில் அரசு ஏற்க வேண்டி வந்தது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அங்க சுமை தேவைக்கு மேல் சேர்த்த ஊழியர்கள், கட்டடம் இல்லை. உதாரணத்தை வளைக்காதீங்க.

ஓலக்கோடு:
20% யோசனையும் ஆலைகள்கிட்ட செல்லாது. அப்படி வட்டிக்குப் போட்டு வைக்கிற மூலதன நிதிக்குக் கொடுக்கிறதை 2021க்குப் பிறகு சிஎஸ்ஆர் கணக்கில் ஏத்துக்கறதில்லை. தனிநபர்கிட்டத்தான் கேட்கணும். அவரும் புதிய வருமான வரி முறையில் இருந்தா நன்கொடைக்கான வரிச் சலுகை கிடையாது. பினாயில் வாங்கிக் கொடுத்தவர் பெயரைக் கல்வெட்டில் போடவும் வழியில்லை!

மேட்டுப்பாதை:
மண்ணைப் பத்தி யாருமே பேசலையே. சித்தூர் கிழக்குப் பக்கம் பல இடத்தில் கரிசல். நனைஞ்சா உப்பும், காஞ்சா வெடிக்கும். சாதாரண அடித்தளம் தாங்காம குமிழ்க்கடைக்கால் (அடியில் குமிழ் மாதிரி விரிஞ்ச ஆழத்தூண்) போட வேண்டி வந்தா மதிப்பீடே மாறிடும். துளை போட்டு மண் அறிக்கை வாங்கின பிறகுதான் பெயருக்கு விலை வைக்கணும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மண் அறிக்கைக்கு ஒத்துக்கறேன். ஆனா டிசம்பரில் தோண்ட ஆரம்பிச்சாத்தான் இடவப்பாதி மழைக்கு (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) முன்னாடி அடித்தளம் தரைக்கு மேல வரும். அதைத் தவறவிட்டா ஒரு வருஷம் போச்சு. பேரேடு சார், டிசம்பருக்குள் ரொக்கமா எவ்வளவு கையில் இருந்தா சம்மதிப்பீங்க?

பேரேடு:
அரசின் 20 கோடி கருவூலத்திலிருந்து வந்திருக்கணும், ஆணை மட்டும் போதாது. வாக்குறுதியில் இரண்டு தவணை வங்கியில் ஏறியிருக்கணும். அதுக்குக் குறைஞ்சா, நாலு மாடிக்கு அடித்தளம் போட்டு இரண்டு மாடி மட்டும் டெண்டர் விடுங்க.