அப்டேட்: கோல்ஃப் கிளப் சந்தா, தவணையா மொத்தமா

போன மாசம் கேட்டிருந்தேனே, இங்க இங்கிலாந்துல கோல்ஃப் கிளப் வருஷ சந்தா 1,320 பவுண்டை ஒரே தடவையா கட்டறதா இல்ல 10 தவணையான்னு, மொத்தமா கட்டிட்டேன்.

தவணை ஃபாரத்தை டேபிள்ல விரிச்சு வச்சு வரி வரியா படிச்சேன், நாம கிளப்புக்கு கட்டறதே இல்லங்க, நடுவுல ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி முழுப் பணத்தையும் அவங்களுக்கு குடுத்துட்டு நம்மகிட்ட மாசம் 139.92 பவுண்டு வாங்குது. மொத்தத்துல 79 பவுண்டு கூட! 6 சதவீதம்தானேன்னு தோணும், ஆனா கடன் மாசாமாசம் குறையுதே, கணக்கு போட்டா வருஷ வட்டி 13 சதவீதத்தை தாண்டுது. பாதில கிளப்பை விட்டாலும் கடன் நம்மள விடாது. கூட ஆடற அண்ணன் முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் மட்டையையே தொடல, பேங்க்ல இருந்து தானா கழியற டைரக்ட் டெபிட் மட்டும் போயிட்டே இருக்கு, பாவம்.

கிளப்பை மூடிட்டா என்ன பண்றதுன்னு கேட்டவங்களுக்கு, கிரெடிட் கார்டுல நேரா கிளப்புக்கு கட்டுங்க. 1974 நுகர்வோர் கடன் சட்டம் 75வது பிரிவுல விலை 100 பவுண்டுக்கு மேல 30,000 வரைக்கும் இருந்தா கார்டு கம்பெனிக்கும் பொறுப்பு இருக்கு, பணத்தை அவங்ககிட்டயும் திருப்பிக் கேக்கலாம். பில் வந்ததும் முழுசா அடைச்சிடுங்க. கிளப்பே வட்டியில்லாம தவணை குடுத்தா தாராளமா எடுங்க.