சிற்றூர் மர்மப் படங்கள்: முடிச்சு அவிழ்ந்த பிறகும் படம் ஏன் முடிவதில்லை?

கடைசிவரிசை:
சிறிய ஊர், ஒரு மரணம், சொல்லப்படாத இரகசியங்கள் என்று போகும் மர்மப் படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பவன் நான். ஒரு விஷயம் வெகுநாளாக உறுத்துகிறது. செய்தவர் யார் என்பது முக்கால் படத்திலேயே தெரிந்துவிடுகிறது. அல்லது கடைசிவரை தெரிவதே இல்லை. மற்ற நேரமெல்லாம் ஒருவர் சமையலறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அப்படியிருக்க இவ்வளவு தனிமை எங்கிருந்து வருகிறது? மர்மக் கதையையும் தனிமைக் கதையையும் வலிந்து சேர்த்துவிட்டார்களோ என்று தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிழல்வெளி:
வலிந்து சேர்த்ததல்ல, நண்பரே. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதுதான் அந்தத் தனிமைக்கே காரணம். பெருநகரத்தில் இரகசியம் உள்ளவர் வீட்டை மாற்றிக்கொண்டு போய்விடலாம். சிற்றூரில் தெரிந்த முகங்களுக்கு நடுவிலேயே அதைச் சுமந்து நடமாட வேண்டும். ஒருவரிடம் வாய் திறந்தால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். எனவே யாரிடமும் சொல்வதில்லை.

இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘ஷேடோ ஆஃப் எ டவுட்’ 1943இல் வந்தது. கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் நடக்கும் கதை. முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஊருக்கு வரும் மாமா, தன் அக்கா மகளுக்கு மரகத மோதிரம் பரிசளிக்கிறார். மோதிரத்தின் உட்புறம் வேறு யாருடைய பெயரெழுத்துகளோ பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவளுடைய சந்தேகத்துக்கு அது ஆதாரமாகிறது. மாமா கொலைகாரர் என்று தெரிந்த பிறகும், தம்பிமேல் உயிரையே வைத்திருக்கும் அம்மாவிடம் அவளால் சொல்ல முடியவில்லை. கடைசியில் மாமா இறக்கிறார். தேவாலயத்துக்குள் அவருடைய நற்குணங்களைப் புகழ்ந்து பேசுகிறார்கள். அவள் வாசலில், உண்மை தெரிந்த துப்பறிவாளருடன் நிற்கிறாள். மர்மம் முடிந்துவிட்டது. அவளுடைய தனிமை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

இன்னொன்று. இத்தகைய படங்களில் விசாரணைக் காட்சிகளைக் கூர்ந்து பாருங்கள். “அன்று இரவு ஏதாவது சத்தம் கேட்டதா?” என்று காவலர் கேட்பார். கேட்டது, கேட்கவில்லை என்பதோடு பதில் முடிந்திருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, கணவர் இறந்த பிறகு தூக்கமே வருவதில்லை என்பதில் தொடங்குவார். காவலர் குறிப்பேட்டை மூடிய பிறகும் பேச்சு நிற்காது. அந்த அம்மாளிடம் ஒருவர் கேள்வி கேட்டே பல காலமாகியிருக்கும். நல்ல இயக்குநர் அங்கே காட்சியை வெட்டமாட்டார். துப்பு கிடைக்காத அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் நான் இந்தப் படங்களைப் பார்க்கிறேன்.

பழையதபால்:
மேலே சொன்னதற்கு வலு சேர்க்கும் படம் க்ளூஸோவின் ‘லெ கோர்போ’. அதுவும் 1943தான், பிரெஞ்சுப் படம். ஒரு சிறிய ஊரில் மொட்டைக் கடிதங்கள் வரத் தொடங்குகின்றன. ஒருவரை ஒருவர் சந்தேகிக்கிறார்கள். இதற்குத் தூண்டுதலாக இருந்த உண்மைச் சம்பவம் 1917 முதல் 1922 வரை பிரான்ஸின் துல் நகரத்தில் நடந்தது. குற்றவியல் அறிஞர் எட்மோன் லோகார், சந்தேகத்துக்குரிய பெண்ணை உட்காரவைத்து, சொல்லச் சொல்ல நெடுநேரம் எழுதவைத்தார். கை சலித்த பிறகு, மறைத்து வைத்த கையெழுத்து தானாக வெளியே வந்தது. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர் அந்தப் பெண். தன் மேலதிகாரிமீது வைத்த காதல் கைகூடாமல் போனவர். தன்னைப் பற்றியே அவதூறாகவும் கடிதம் எழுதியிருந்தார். சந்தேகத்தைத் திசைதிருப்பத்தான் என்பார்கள். தன்னைப் பற்றியும் ஊர் பேச வேண்டும் என்ற ஏக்கமும் அதில் இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

வெயில்காலம்:
நான் சற்று மாறுபடுகிறேன். மௌனத்தை நீட்டினாலே தனிமை வந்துவிடும் என்று நம்பும் படங்கள் நிறைய இருக்கின்றன. பனிமூட்டம், காலியான சாலை, பியானோ இசை. பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பதே தெரியாது. அப்படிப்பட்ட படங்களைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டவருக்கு இந்தச் சலிப்பு வந்திருக்க வேண்டும். விடையே சொல்லாமல் விடுவதும் பல சமயம் எழுதத் தெரியாததன் அடையாளம்தான்.

நிழல்வெளி:
முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். விடை சொல்லாத விஷயத்தில் மட்டும் ஹனேகேயின் ‘தி ஒயிட் ரிப்ப’னை விலக்கி வையுங்கள். 2009இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதைப் பெற்ற படம். முதல் உலகப் போருக்குச் சற்று முந்தைய ஜெர்மானிய கிராமம். இரண்டு மரங்களுக்கு நடுவே யாரோ கட்டிய கம்பியில் குதிரை இடறி மருத்துவர் விழுகிறார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுமைகள். பள்ளி ஆசிரியர் ஏறக்குறைய உண்மையை நெருங்கி, அதைப் பாதிரியாரிடம் சொல்கிறார். பாதிரியார் அவரை மிரட்டி அடக்கிவிடுகிறார். விடை அங்கே இருக்கிறது. அதைக் காதில் வாங்கத்தான் ஆளில்லை. எழுதத் தெரியாமல் விட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

கடைசிவரிசை:
அனைவருக்கும் நன்றி. விசாரணைக் காட்சிகளைப் பற்றிச் சொன்னது என்னை யோசிக்கவைக்கிறது. துப்பு இல்லாத பேச்சை இத்தனை நாளும் ஓட்டித்தான் பார்த்துவந்தேன். முதலில் ‘லெ கோர்போ’ பார்க்கப்போகிறேன். கடிதங்களை எழுதியது யார் என்று மட்டும் இங்கே யாரும் போட்டுவிடாதீர்கள்.