ஆயில் பேனுக்கு எந்த சீலன்ட் போடலாம்?

வணக்கம் நண்பர்களே. என் காரில் ஆயில் பேன் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஓரமாகக் கசிகிறது. ராத்திரி அடியில் அட்டை போட்டு வைத்தால் காலையில் காசு அளவுக்கு இரண்டு கறை. போன வருடம்தான் ஒரு மெக்கானிக் இதைக் கழற்றி மாட்டினார்.

இந்த முறை நானே கழற்றினேன். வயிறு கலங்கிவிட்டது. உள்பக்கம் பிதுங்கிய சிலிக்கான் சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) புழு புழுவாகத் தொங்குகிறது, ஒரு துண்டு ஆயில் பம்பின் சல்லடையிலேயே ஒட்டியிருந்தது! சல்லடை முழுக்க அடைத்திருந்தால் இன்ஜின் கதை முடிந்திருக்கும்.

இதற்கு கேஸ்கெட் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) கிடையாது, ஆர்டிவி, அதாவது அறை வெப்பத்திலேயே இறுகும் சிலிக்கான் மட்டும்தான். பேன் மெல்லிய இரும்புத் தகடு, இன்ஜின் பிளாக்கோ அலுமினியம். பெர்மடெக்ஸ் கம்பெனி சீலன்ட்களில் அல்ட்ரா பிளாக்கா, அல்ட்ரா கிரேயா என்று குழம்புகிறேன். கறுப்பு வளைந்து கொடுக்கும், ஆயிலையும் தாங்கும். சாம்பல் கொஞ்சம் விறைப்பு. தகட்டுப் பேன் என்பதால் என் மனம் கறுப்பின் பக்கம். சரிதானா? அனரோபிக் (காற்றுப் படாத இடத்தில் இறுகும்) வகையை ஒதுக்கிவிட்டேன், அது இழைத்துச் சமமாக்கிய கெட்டியான முகங்களுக்குத்தான். வினிகர் வாடை வரும் சாதாரண சிலிக்கானும் வேண்டாம், உலோகத்தை அரிக்கும்.

அப்புறம், போல்ட் ஓட்டைகளைச் சுற்றித் தகடு லேசாக மேலெழும்பியிருக்கிறது. மரக்கட்டை வைத்துத் தட்டிச் சமமாக்கினால் போதுமா? முன் கவரும் பிளாக்கும் சேரும் மூலையில் கூடுதலாக ஒரு பொட்டு வைப்பீர்களா? சீலன்ட் போட்டதும் போல்ட்களை முழு டார்க்கில் (குறிப்பிட்ட முறுக்கு அளவில்) முறுக்கலாமா, விரலால் இறுக்கி ஒரு மணி நேரம் விடலாமா? ஆயில் ஊற்ற 24 மணி நேரம் பொறுப்பேன். அவசரமில்லை, வண்டி ஸ்டாண்டின் மேல்தான் நிற்கிறது.